மூன்றுமே முதலாவது

மூன்றில் எதை முதலில் சொல்வது என்ற கேள்வியிலேயே ஒப்பீட்டுக் குழுவின் முதல் கூட்டம் முடிந்துபோனது.

குடைக்காரர் கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பேசுகிறவர் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி கண்டிருந்தார். அவர் கேட்டு வந்தது ரொம்பச் சின்ன விஷயம். ஆன்லைனில் ஒரு கடை போட வேண்டும், சங்கம் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடை போடும் முன், இருக்கிற மூன்று இணையதளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் முன் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் முன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். அங்கே வந்து வண்டி நின்றுவிட்டது.

ஒன்று என்று எதைச் சொன்னாலும் அதைத் தூக்கி வைத்துப் பேசியதாக ஆகிவிடும் என்றார் குழுவின் பொறுப்பாளர். அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைப் பேசினாலும் இரண்டு உள்ளங்கையையும் ஏந்தி, ஏற்றி இறக்கித்தான் பேசுவார். தேநீர் வேண்டுமா என்று கேட்டாலும் கை மேலும் கீழும் போகும். கடைசியில் ஆறிப்போனதைத்தான் குடிப்பார்.

பெயரைச் சொல்லியே பேசலாமே என்று குடைக்காரர் மெல்லச் சொன்னார். அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை சாப்பாட்டு மேஜையில் கெட்ட வார்த்தை பேசிவிட்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடுமாம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று தளங்களையும் 'முதலாவது' என்றே அழைப்பது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அவரவர் குறிப்பால் உணர்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். குடைக்காரரும் தட்டினார், ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமலே.

சங்கத்தின் பெயர் பெரிசு, அதை விடுவோம். வணிகர் சங்கம் என்றால் போதும். அதற்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருந்தது. மேலே கூட்ட அறையும் அலுவலகமும், கீழே வரிசையாகக் கடைகள். கோடியில் இருந்த கடை குடைக்காரருடையது. அவருடையது என்றால் சொந்தம் கிடையாது, உறுப்பினர் என்ற முறையில் கிடைத்த அறை. மீசை முளைத்த வயதில் உள்ளே நுழைந்தவர், மீசை நரைத்தும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட, பையனுக்குச் சங்கக் கட்டடத்தில் அறை இருக்கிறது என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். உங்களைப் பார்த்தா கட்டிக்கிட்டேன், அறையைப் பார்த்துத்தான் என்பாள்.

அந்த அறைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. குழாய் பதிக்கிறோம் என்று தெருவை ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டி, இரண்டு பக்கமும் தகரத்தை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். தகரத்தைச் சுற்றிச் சேற்றில் கால் வைத்து எந்தப் புண்ணியவான் குடை வாங்க வருவான்? பூனைகூட வரவில்லை. சங்கத்திலோ ஒரு விதி இருந்தது. ஒரு பருவம் முழுக்க வியாபாரம் நடக்காத அறையைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும். பருவம் முடிந்ததும் பரிசீலனைக் கூட்டம். குடைக்கடைக்கு மழைக்காலத்தை விட்டால் வேறு பருவம் ஏது?

ஆகையால் வீட்டிலிருந்தே வாங்குகிறவர்களுக்கு விற்க வேண்டும். அதற்கும் ஒரு விதி இருந்தது. எப்போதோ ஒரு சீப்புக்காரர், தானாக ஒரு தளத்தைப் பிடித்துக் கடை போட்டு, அது சரிப்படாமல் மூடிவிட்டு, போகிற போக்கில் சங்கத்தையும் நாலு வார்த்தை வைதுவிட்டுப் போனார். அன்று பிறந்ததுதான் ஒப்பீட்டுக் குழு. அதன் பரிந்துரை இல்லாமல் எந்த உறுப்பினரும் ஆன்லைன் கடை போடக் கூடாது. போட்டால் உறுப்பினர் பதவி போகும். பதவி போனால் அறை போகும். இப்படிப் போனாலும் அறை, அப்படிப் போனாலும் அறை. 

சங்கத்துச் செயலாளர் நல்ல மனுஷன். கூட்டம் கலைந்ததும், தண்ணீர்க் குடுவைப் பக்கமாக அவரை ஒதுக்கிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"விஷயம் ஒண்ணும் கஷ்டமில்லைங்க. ஒண்ணு வாடகை வீடு மாதிரி. மாசாமாசம் வாடகை குடுத்தா எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. ஆணி அடிக்கணும்னாதான் அவங்களக் கேக்கணும். இன்னொண்ணு நாமளே கட்டிக்கிற வீடு. இஷ்டத்துக்குக் கட்டலாம், ஆனா ஒழுகினா நாமதான் ஏணி போட்டு ஏறணும். இன்னொண்ணு சந்தை. கூட்டம் தானா வரும், ஆனா பக்கத்துலயே நூறு பேர் குடை விரிச்சு உக்காந்திருப்பான். வித்ததுல பங்கும் எடுத்துக்குவாங்க."

குடைக்காரருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. அப்படியானால் என்னை மாதிரி ஆளுக்கு எது தோதுப்படும் என்று கேட்டார்.

செயலாளரின் முகம் மாறிவிட்டது. "அத மட்டும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் போய்விட்டார்.

அதற்கப்புறம் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஒவ்வொன்றிலும் குடைக்காரர் இருக்க வேண்டும், பயனடைபவர் என்ற முறையில். கடையைப் பூட்டிவிட்டு மாடி ஏறுவார். பூட்டாவிட்டாலும் ஒன்றும் இல்லை, யார் வரப் போகிறார்கள். ஒரு கூட்டம் முழுவதும், சாமான் போடுகிற கூடையின் படம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பேசினார்கள். ஒரு முதலாவதில் அது இடது பக்கம் பார்த்தது. இன்னொரு முதலாவதில் வலது பக்கம். இடது பக்கம் பார்க்கும் கூடை கடையை விட்டு வெளியே போகிற கூடை, ஆகவே அது விற்பனையின் அறிகுறி என்றார் ஒருவர். போகிற கூடை திரும்பி வராது, ஆகவே அது நஷ்டத்தின் அறிகுறி என்றார் மற்றவர். தராசின் கைகள் மேலும் கீழும் போய், கடைசியில் இரண்டுக்கும் சம மதிப்பெண் கொடுத்தன.

பிறகு சோதனைக் கடை வைத்தார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் குடைக்காரரே மூன்று தளத்திலும் ஒரே மாதிரிக் கடை போட வேண்டும், அதே குடை, அதே படம், அதே விலை, கூப்பிட அதே கடை போன் நம்பர். அவர் எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்று கடையும் திறந்தபோது அவருக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்தது. தன் குடைகள் கண்ணாடித் திரையில் வரிசையாக விரிந்து நிற்பதைப் பார்த்து, தானே ஒன்று வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் தராசு. "யாரும் வாங்கிடக் கூடாது."

குடைக்காரர் விழித்தார்.

"ஒரு கடையில ஒருத்தர் வாங்கிட்டார்னு வைங்க. அந்தத் தளம் முந்திக்கும். ஒப்பீடு கெட்டுப் போயிடும். வாங்கறவங்க உள்ள பூந்துட்டா நடுநிலைமைக்கு இடமே இருக்காது."

நியாயம்தானே! வாங்குகிறவன்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறான். விற்ற பொருளைத் திருப்பி எடுக்கும் வசதியையும் ஒப்பிட வேண்டுமே என்று ஓர் உறுப்பினர் கேட்டதற்கு, யாரும் வாங்காத பொருளைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். அது இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

அந்த வாரம்தான் மேகம் கூடத் தொடங்கியது. குடைக்காரர் தகரத்துக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கறுத்து வந்த வானத்தைக் கண்டு வாழ்நாளில் முதல் தடவையாகப் பயந்தார்.

முதல் தூறலுக்கே விபரீதம் நடந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர், மூன்றில் ஏதோ ஒரு முதலாவதில், கறுப்புக் குடை ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். குழு அவசரமாகக் கூடியது. தராசுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆர்டரை ரத்து செய்தால், ரத்து செய்யப்பட்ட தளத்துக்கு அவமானம். ரத்து செய்யாவிட்டால் மற்ற இரண்டுக்கும் அநீதி. வாங்கியவரே மனசு மாறி விலகிக்கொள்வதுதான் கௌரவமான வழி என்று முடிவாயிற்று. குடைக்காரரிடம் போனைக் கொடுத்து, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்கள்.

"ஐயா, குடைக்கடையிலேர்ந்து பேசறேன். தயவுசெஞ்சு அந்தக் குடைய வாங்காதீங்க."

"ஏங்க, குடை நல்லா இருக்காதா?"

"நல்லா இருக்கும்."

"ஸ்டாக் இல்லையா?"

"நெறைய இருக்கு."

"அப்புறம் என்னங்க?"

குடைக்காரர் தராசைப் பார்த்தார். தராசு ஒரு தாளில் கிறுக்கி நீட்டினார். குடைக்காரர் அதைப் பார்த்தபடியே சொன்னார். "நீங்க வாங்கினா மத்த ரெண்டு கடைக்கும் பாதிப்பாகும். முடியாதுன்னா, மூணு கடையிலயும் ஒவ்வொண்ணு வாங்கிக்குங்க."

 வேன் ஓட்டுநர் மரியாதையாகவே சொன்னார், "அண்ணே, ஒடம்ப பாத்துக்குங்க," என்று. போனை வைத்துவிட்டு, ஆர்டரையும் விலக்கிக்கொண்டார்.

குழுவினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பெரிய ஆபத்து விலகியது என்று ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். குடைக்காரருக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் குடை விற்றவன், மழை பெய்யும்போது ஒருத்தனைக் குடை வாங்காதே என்று கெஞ்சியிருக்கிறேனே என்று மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் அப்போது குடைகளுக்குப் பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையிலிருந்து வரும் குடையில், மடக்கிய துணியைச் சுற்றிக் கட்டும் பட்டியின் பொத்தான் ரெண்டாம் நாளே கழன்று விழும். அவள் அதைப் பிய்த்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து ஏதாவது ஒரு பொத்தானை எடுத்து அழுத்தமாகத் தைப்பாள். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு மீன் வடிவம், ஒன்றுக்குப் பழைய கோட்டுப் பொத்தான். ஒரு குடை மாதிரி இன்னொன்று இருப்பது அபூர்வம். அவர் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குப் பயமாக இருந்திருக்காது.

சில நாளில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடையின் உள் அலமாரியில் அடுக்கு குறைகிற மாதிரி இருந்தது. முதலில் எலி என்று நினைத்தார். எலி எந்த ஊரில் குடையைத் தூக்கிக்கொண்டு போகும்? மனைவியைக் கேட்டார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"மொதல்ல அந்த வேன் ஓட்டறவருக்கு. கடை போன் எங்கிட்ட இருந்தப்ப கூப்ட்டார். உங்களுக்கு ஒடம்பு சரியாச்சான்னு விசாரிச்சார். அப்படியே குடையும் கேட்டார். அவர லைன்ல வச்சுக்கிட்டே ஆன்லைன்ல கடையப் போட்டேன். கடைக்குப் பேரு கேட்டுச்சு, 'நனையாதே'ன்னு போட்டேன். அவரு வேன்ல வர்ற பிள்ளைங்களோட அம்மாங்க எல்லாம் இப்ப வாங்கறாங்க."

குடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அறை போச்சே, அறை போச்சே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையில் ஒரு குடையைக் கொடுத்து, புலம்பிக்கொண்டே அட்டைப் பெட்டியில் போடுங்கள் என்றாள். அவரும் போட்டார்.

அன்று தொடங்கி அவர் பட்ட பாட்டை என்னென்று சொல்வது! மழை கொட்டக் கொட்ட 'நனையாதே' விற்றுத் தீர்த்தது. கீழே கடையில் அவர் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறுப்பினர்கள் மாடி ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அலமாரி நிறைந்திருந்தால் வியாபாரம் நடக்கவில்லை என்று அறையை எடுத்துக்கொள்வார்கள். காலியாக இருந்தால் எங்கே விற்றாய் என்று கேட்டு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர் தினமும் காலையில் வந்ததும் வெறும் குடை உறைகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, அலமாரியைப் பாதி நிறைந்தும் பாதி காலியாகவும் தெரிகிற மாதிரி அடுக்குவார். வியாபாரம் நடக்கிறது, ஆனால் நடக்கவும் இல்லை என்று பார்க்கிறவனுக்குத் தோன்ற வேண்டும். அதில் கைதேர்ந்துவிட்டார். யாராவது உள்ளே வந்து ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தால் அன்றோடு கதை கந்தல். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாக இளைத்துப் போனார். ஒப்பீட்டில் உறுப்பினர் எவ்வளவு அக்கறையோடு இருக்கிறார் பாருங்கள் என்று தராசு அவரைக் காட்டி மற்றவர்களிடம் பெருமைப்பட்டார்.

பருவம் முடிகிற சமயம், பரிசீலனைக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு வந்தது. சங்கத் தலைவர் பேசும்போது கைதட்ட ஆள் வேண்டும், அதற்காக எப்போதும் குடும்பத்தோடுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் நல்ல மழை. குடைக்காரரும் மனைவியும் மாடி ஏறி நடையில் கால் வைத்தார்கள். அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நடை முழுக்கக் குடைகள். உறுப்பினர்கள் வரிசையாக விரித்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் காயப் போட்டிருந்தார்கள். ஒன்றின் பட்டியில் சிவப்புப் பொத்தான். ஒன்றில் மீன். தராசு எப்போதும் உட்காரும் ஜன்னலுக்கு நேரே இரண்டு குடைகள் ஒட்டி நின்றன, இரண்டிலும் கோட்டுப் பொத்தான்.

"எல்லாம் நம்ம குடை," என்றார் அவர், காற்று மட்டும் வருகிற குரலில்.

"தெரியுது. நடங்க," என்றாள் அவள்.

உள்ளே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். பொறியில் மாட்டிக்கொண்டோம், பேர் ஊர் சொல்லி எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கப் போகிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. உள்ளங்கை ஈரத்தை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. தலைவர் எழுந்து மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே, இந்த ஒப்பீட்டுக் குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தப்பு நடந்ததுண்டா? ஒரு உறுப்பினர் தப்பான தளத்துல மாட்டிக்கிட்டார்னு ஒரு புகார் உண்டா? கெடையாது. ஏன்? நாம யாரையும் எந்தத் தளத்துலயும் கால் வைக்க விட்டதில்லை. அக்கறைன்னா அதுக்குப் பேருதான் அக்கறை."

கைதட்டல். குடைக்காரரின் கைகள் தாமாகத் தட்டின. மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். நடையில குடைங்கள பாத்திருப்பீங்க. நானும் வாங்கினேன். கீழயே ஒரு குடைக்கடை இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா தகரத்தைச் சுத்தி, சேத்துல எறங்கி, யாரால போக முடியும்? அதனால வீட்ல உக்காந்துக்கிட்டே 'நனையாதே'ங்கிற கடையில ஆர்டர் போட்டேன். மறுநாளே வந்துடுச்சு. எப்படிப்பட்ட குடை! அந்தக் கடைக்காரர் யாரோ எவரோ தெரியாது. ஆனா தளத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாத்தா, நம்ம குழுவோட கூட்டத்தை எங்கயோ ஒளிஞ்சிருந்து கேட்டிருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தராசு அடக்கமாகத் தலை குனிந்தார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார். கீழ்த்தளத்துக் கோடி அறையில் இந்தப் பருவம் முழுக்க வியாபாரம் நடந்த அறிகுறி இல்லை. ஆகவே அறை திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. வணிகத்துக்கே முன்மாதிரியான 'நனையாதே' கடைக்கு அந்த அறை வழங்கப்படுகிறது. அவர்களைச் சங்கத்தில் சேரும்படி அன்போடு அழைக்கிறோம். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை. நிறைவேறியது. உடனே தகவல் அனுப்பிவிடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னார். செயலாளர் குடைக்காரரின் பக்கம் பார்க்காமல், போனை எடுத்து அந்தக் கடையின் பக்கத்தில் செய்தியைத் தட்டினார்.

குடைக்காரரின் மனைவியின் பையில் போன் மணி ஒலித்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. செயலாளர், போய்ச் சேரவில்லையோ என்று இன்னொரு தடவை அனுப்பினார். பை இன்னொரு தடவை ஒலித்தது. இப்போது முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. குடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துடுச்சுங்க, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம்," என்று அவள் எழுந்து நின்றாள். "நனையாதே என்னோட கடைதான்."

 தராசின் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நின்றுவிட்டன. எந்தத் தளம் என்று அவர் வாய் முணுமுணுத்தது. பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று தலைவர் அவசரமாகத் தடுத்தார். பெயர் வேண்டாம், எந்த அடிப்படையில் ஒப்பிட்டீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் தராசு. அவர் குரலில் கோபம் இல்லை. பசிக்கிறவன் பக்கத்து இலையைப் பார்க்கிற மாதிரி ஒரு ஏக்கம் இருந்தது.

"ஒப்பிடலைங்க," என்றாள் அவள். "ஒருத்தர் மழையில வண்டியில உக்காந்து குடை கேட்டுக்கிட்டிருந்தார். எது மொதல்ல தொறந்துச்சோ அதுல போட்டேன். சரிப்படலைன்னா மாத்திக்கலாம்னு இருந்தேன். இன்னும் அதுக்கு நேரம் வரல."

ஓர் உறுப்பினர் இதை 'முதற்திறப்பு முறை' என்று குறித்துக்கொண்டார். அதை மற்ற முறைகளோடு ஒப்பிட ஒரு துணைக்குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தண்டனை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தண்டித்தால் நடையில் காய்கிற குடைகள் அத்தனைக்கும் பதில் சொல்ல வேண்டும். தலைவர் நீண்ட நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

நிறைவேறிய தீர்மானம் நிறைவேறியதுதான், அறை உங்களுக்கே என்றார். உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் விதி எல்லோருக்கும் ஒன்று. ஒப்பீடு முடிகிற வரைக்கும் ஆன்லைன் கடையை மட்டும் மூடி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதானே?

குடைக்காரர் கண்ணைத் திறந்தார். அறை போகவில்லை! அந்த ஒரு நொடி அவர் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த நொடி மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க அறை. நீங்க சொல்லுங்க," என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும்.

 அறையின் ஒவ்வொரு அங்குலமும் கண்ணுக்குள் வந்தது. மடக்குக் கதவு சிக்குகிற இடம், உள்ளங்கை பட்டுத் தேய்ந்த மேஜை விளிம்பு. அவர் தடுமாறுவதைப் பார்த்துத் தராசு எழுந்து அருகில் வந்தார், தோளில் கை வைத்தார்.

"அவசரமே வேண்டாம். அறையா, ஆன்லைன் கடையா, ரெண்டையும் நாங்க நிதானமா ஒப்பிட்டுப் பாத்துச் சொல்றோம். நீங்க வழக்கம்போல வந்து உக்காந்தா போதும்."

குடைக்காரர் எழுந்து நேரே தலைவரின் மேஜைக்குப் போனார். இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாங்க," என்றார்.

சாவியை யாரும் தொடவில்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் தலைவருக்கா செயலாளருக்கா என்று விதியில் இல்லையாம். இருவரும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். முடிவாகும் வரை கையிலேயே வைத்திருங்கள் என்று யாரோ சொன்னார்கள். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே நின்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவோம் என்று அவருக்கே பயமாக இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "கஷ்டமா இருக்கா?"

"இருக்கு," என்றவர் அழுதுவிட்டார். கோடி அறையைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் அழுதார். அவள் கூடவே நடந்தாள்.

இப்போது அவர்கள் வீட்டு முன்னறைதான் கடை. வேன் ஓட்டுநர் சாயங்காலத்தில் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறார். குடைக்காரருக்குச் சாப்பாடு இறங்குகிறது. அடுத்த மழைக்காலம் பிறந்ததும் ஒருநாள், சங்கத்தின் முகவரியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. தலைவரின் பழைய குடை காணாமல் போய்விட்டதாம். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மூன்று குடைகள் அனுப்பவும், தேர்வு முடிந்ததும் இரண்டைத் திருப்பி அனுப்புவோம் என்று கீழே குறிப்பு.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அவர் கையெட்டிய குடையை எடுத்தார். ஒரு தடவை விரித்துக் கம்பிகளைப் பார்த்தார், மடக்கினார், பெட்டியில் போட்டு ஒட்டினார். பிறகு போனை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பதிலைத் தட்டினார். ஒன்றுதான் அனுப்பியிருக்கிறேன், மற்ற இரண்டும் மழையில் நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் போய்விட்டன.